மாருதி 800, பழைய ஆல்டோ: பிரேக்கைச் சீராக்கி ஏர் எடுக்கும் முறை

மாருதி 800-இன் தயாரிப்பு 2014-இல் நின்றது. 2000-இல் வந்த முதல் ஆல்டோவுக்குப் பதிலாக 2012-இல் ஆல்டோ 800 வந்துவிட்டது. ஆகவே இன்று ஓடிக்கொண்டிருக்கும் இந்த வண்டிகள் எல்லாமே பத்து வயதைத் தாண்டியவை. பல வண்டிகள் 15 வருடப் பதிவு முடிந்து புதுப்பிப்புக்காக ஆர்டிஓ அலுவலகத்தில் நிற்பவை. இந்த வயதில் பிரேக் மந்தமாகத் தெரிந்தால் பலர் முதலில் நினைப்பது பெரிய டிஸ்க் போடலாமா என்றுதான். பெரும்பாலும் அது தேவையில்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆளில்லாத, காய்ந்த, நேரான தார்ச் சாலையில் 40 கிமீ வேகத்தில் போய் முழு பலத்தோடு பிரேக்கை மிதியுங்கள். முன் சக்கரங்கள் இரண்டும் லாக் ஆகி டயர் தேய்ந்தால், டயரின் பிடிப்பை விட பிரேக்கின் பலம் ஏற்கெனவே அதிகம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் வண்டி ஓர் அடி கூட முன்னதாக நிற்காது. காசை நல்ல டயரில் போடுவதே மேல். லாக் ஆகவில்லை, பெடல் பாதி தூரம் போன பிறகுதான் பிடிக்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, மலை இறக்கத்தில் பிடிப்பு குறைகிறது என்றால், அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த பிரேக்கை இழந்துவிட்டது என்று அர்த்தம். அதை முழுதாக மீட்டு, பிரேக் ஆயிலையும் பேடையும் ஒரு படி உயர்த்தி, பைப்புக்குள் சேர்ந்த காற்றை வெளியேற்றுவதுதான் (இதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம்) உண்மையான மேம்பாடு.

வேறு மாடலின் கேலிப்பரை (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் பகுதி) மாட்டுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. கேலிப்பர் பிஸ்டன் 48 மிமீ விட்டம் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு சுமார் 1,810 சதுர மிமீ. அதற்குப் பதிலாக 54 மிமீ பிஸ்டன் போட்டால் பரப்பு 2,290 ஆகிறது. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் அதே மாஸ்டர் சிலிண்டர் இப்போது கால் பங்குக்கு மேல் கூடுதல் ஆயிலைத் தள்ள வேண்டும். பெடல் அந்த அளவுக்குக் கீழே இறங்கும். முன் பின் பிரேக் பங்கீடும் மாறிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் ஆள் முதலில் பார்ப்பது இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இங்கே சொல்வது ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டிகளுக்கானது. ஏபிஎஸ் உள்ள புதிய கார்களிலும் ஆயில் மாற்றும் முறை இதேதான். ஆனால் பிரேக் ஆயில் டேங்க் காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் ஏர் போய்விட்டால், ஸ்கேன் டூல் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்

முன் பேடு ஒரு செட், பின் ஷூ ஒரு செட், டிரம்முக்குள் ஷூவை விரிக்கும் பின் வீல் சிலிண்டர் இரண்டு, முன் ஹோஸ் இரண்டு, பின்னால் எத்தனை ஹோஸ் இருக்கிறதோ அத்தனை, பாஞ்சோ போல்ட் (ஆயில் பாய உள்ளே துளையுள்ள போல்ட்) உள்ள ஒவ்வொரு ஹோஸுக்கும் புதிய செம்பு வாஷர் இரண்டு, கேலிப்பர் பின்னுக்கான (கேலிப்பர் வழுக்கி நகரும் கம்பி) ரப்பர் உறையான பூட் செட், டாட் 4 பிரேக் ஆயில் 500 மிலி பாட்டில் இரண்டு. டிஸ்க்கை அளந்து பார்த்த பிறகு முடிவு செய்யலாம். மாஸ்டர் சிலிண்டரைக் காரணம் தெரியாமல் மாற்ற வேண்டாம்.

கருவிகளில் தவிர்க்கவே முடியாதவை: இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, நிப்பிளுக்கு (ஏர் வெளியேற்றும் சிறு திருகு) 8 மற்றும் 10 மிமீ ரிங் ஸ்பேனர், பைப் நட்டுக்கு 10 மிமீ ஃபிளேர் நட் ஸ்பேனர், சி-கிளாம்ப், 50 மிலி சிரிஞ்ச், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் குழாய் அரை மீட்டர். மீன் தொட்டிக்கு விற்கும் குழாயே போதும். நுனியை வெந்நீரில் முக்கினால் நிப்பிளில் இறுக்கமாக ஏறும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை விடக் கூடாது.

ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை, ஒன்றோடொன்று கலக்கலாம். புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், டாட் 4 230 வரை, டாட் 5.1 260 வரை. இந்த வகை ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்தத் தரங்கள் முறையே 140, 155, 180 டிகிரிக்கு இறங்கிவிடுகின்றன. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் நான்கைந்து வருடம் மாற்றாத ஆயில் இருக்கும் வண்டியைக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கிலேயே இறக்கினால், கேலிப்பருக்குள் அந்த ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆறிய பிறகு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிவதால், மெக்கானிக்கிடம் காட்டும்போது குறை பிடிபடாது.

இந்தக் கார்களுக்கு டாட் 4 சரியான தேர்வு. பாட்டிலில் வெறும் டாட் 5 என்று போட்டிருந்தால் அது சிலிக்கான் வகை, தொடவே வேண்டாம். சீல் உடைத்து வெகுநாள் வைத்திருந்த பாட்டிலும் வேண்டாம். எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ கொஞ்சம் தெரியாமல் டேங்கில் விழுந்தாலும், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வீல் சிலிண்டர் வரை எல்லா ரப்பரும் ஊறி உப்பிவிடும். அப்புறம் எல்லா ரப்பரையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பிரேக் ஆயில் பெயிண்ட்டையும் உரித்துவிடும். சிந்தினால் துடைப்பதோடு நிறுத்தாமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

பேடில் ஆசைப்பட்டு ரேஸ் வகையை வாங்காதீர்கள். அவை சூடேறிய பிறகுதான் பிடிக்கும். காலையில் தெருமுனையில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அது உதவாது. செமி மெட்டாலிக் பேடு சூட்டைத் தாங்கும், ஆனால் சத்தமும் டிஸ்க் தேய்மானமும் கூடும். நகரத்துக்கும் எப்போதாவது மலைக்கும் போகும் வண்டிக்கு, கம்பெனித் தரத்திலுள்ள ஆர்கானிக் வகையே போதும். சில பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும்: முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பதையும், இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பதையும் காட்டும். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப்எஃப் என்றிருந்தால் நல்லது. எஃப்இ என்றிருந்தால் சூட்டில் பிடிப்பு குறையும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. பேடும் ஷூவும் செய்யும் பெரிய நிறுவனங்கள் சென்னையிலேயே இருப்பதால், நல்ல சரக்கு கிடைப்பது நமக்குக் கடினமில்லை. போலிப் பெட்டிதான் பிரச்சினை. பில் தரும் கடையில் வாங்குங்கள்.

பின் டிரம்மில் தொடங்குங்கள்

பெடல் கீழே போகிறது என்று வரும் இந்தக் கார்களில் பாதிக்கு மேல் குறை பின்னால்தான் இருக்கும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டால், பெடலின் முதல் பாதி அந்த இடைவெளியை அடைக்கவே செலவாகிறது. எத்தனை முறை ஏர் எடுத்தாலும் அது மாறாது. இதைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம்: ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். பெடல் உயரமாக வந்து கெட்டியாக நின்றால் பின் ஷூவில்தான் வேலை. மாற்றமே இல்லையென்றால் ஏரையோ முன் பக்கத்தையோ சந்தேகியுங்கள்.

முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, பின் பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். இந்த வண்டிகளில் பின் வீல் பேரிங் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. நடுவிலுள்ள தகர மூடியை எடுத்து, ஸ்பிளிட் பின்னைக் கழற்றி, நட்டை அவிழ்த்தால்தான் டிரம் வரும். சில மாடல்களில் ஸ்பிளிட் பின்னுக்குப் பதில் நட்டின் விளிம்பைத் தட்டிப் பூட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட நட்டைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதிது போடுங்கள். ஸ்பிளிட் பின்னும் அப்படியே. டிரம் உள்ளே ஷூவில் மாட்டிக்கொண்டு வர மறுத்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டாம், பேரிங் கெடும். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள். பேக் பிளேட்டின் (ஷூக்கள் மாட்டியிருக்கும் தகடு) பின்னாலிருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, அந்தத் துளை வழியாக ஸ்க்ரூ டிரைவரால் ஹேண்ட் பிரேக் லிவரை விடுவித்தால் ஷூ இன்னும் கொஞ்சம் உள்வாங்கும்.

உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், அல்லது பிரேக் கிளீனர் அடித்து நனைத்து வழித்தெடுங்கள்.

அடுத்து வீல் சிலிண்டரின் இரு பக்க ரப்பர் மூடியையும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. ஷூ நனைந்திருந்தால் எது நனைத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்: தண்ணீர் போல் நீர்த்து இருந்தால் பிரேக் ஆயில், கெட்டியாகக் கறுப்பாக இருந்தால் பேரிங் கிரீஸ். முதலாவதற்கு வீல் சிலிண்டர், இரண்டாவதற்கு ஆயில் சீல். நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி, எமரி பேப்பர் போட்டுத் திரும்ப மாட்டுவது ஊரில் வழக்கம். சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வரும், அந்தப் பக்கம் பிடிக்காது, வண்டி மறுபக்கம் இழுக்கும். ஷூவை எப்போதும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

டிரம்மின் உள்விட்டம் புதிதில் 180 மிமீ. 182 மிமீ-ஐ எட்டிவிட்டால் லேத்தில் கொடுத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். ஓரத்தில் விளிம்பு கட்டியிருந்தால் அதையும் கடைந்து எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை டிரம் சுலபமாக வரும்.

ஷூவைக் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால் பார்க்க ஒரு பக்கம் கழற்றாமல் இருக்க வேண்டும். பேக் பிளேட்டில் ஷூ உரசும் மேடான இடங்களில் சூடு தாங்கும் கிரீஸை நகக்கண் அளவு தடவுங்கள். அந்த இடங்கள் தேய்ந்து பள்ளமாகியிருந்தால் ஷூ அங்கேயே மாட்டிக்கொண்டு திரும்பாது. தானாக அட்ஜஸ்ட் ஆகும் ராட்செட்டின் பற்கள் துருவேறியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஒட்டிக்கொண்டதால்தான் இடைவெளி கூடியிருக்கும். சுத்தம் செய்து, டிரம்மை மாட்டும்போது லேசாக உரசும் அளவுக்கு ஷூவை விரித்து வையுங்கள். வேலை முழுதும் முடிந்து ஏர் எடுத்த பிறகு பெடலைப் பத்து முறை பலமாக மிதித்தால் ராட்செட் மிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். ஹேண்ட் பிரேக் கேபிளை அதற்குப் பிறகுதான் முறுக்க வேண்டும். ஷூ இடைவெளியை விட்டுவிட்டுக் கேபிளை மட்டும் இறுக்கினால், ஹேண்ட் பிரேக் லிவர் பாதி இழுத்த நிலையிலேயே நின்று ராட்செட்டை வேலை செய்ய விடாது.

முன் பக்கம்

கேலிப்பர் பின்களின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, கேலிப்பரைக் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால் உள்ளே நூல் அறுந்துவிடும், வெளியே தெரியாது.

பழைய பேடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். உள் பேடு தேய்ந்து வெளிப் பேடு தடிமனாக இருந்தால் கேலிப்பர் பின் சிக்கியிருக்கிறது. ஒரே பேடு ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் அதே காரணம்தான். பின்னை வெளியே எடுத்து, துருவை நுண்மையான எமரியால் தேய்த்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, புதிய பூட் போட்டு மாட்டுங்கள். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் பூட்டை உப்ப வைக்கும். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தாலே பல வண்டிகள் நேராக நிற்கத் தொடங்கிவிடும்.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். சாதாரண வெர்னியரால் அளந்தால் ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பு இடையில் வந்து, தடிமன் கூடுதலாகத் தெரியும். மைக்ரோமீட்டரால் விளிம்புக்கு 10 மிமீ உள்ளே, ஆறு இடங்களில் அளக்க வேண்டும். இடத்துக்கு இடம் 0.02 மிமீ-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெடல் அதிரும். டிஸ்க்கைச் சுற்றும்போது டயல் கேஜில் தெரியும் பக்கவாட்டு ஆட்டம் 0.1 மிமீ-ஐத் தாண்டக் கூடாது. புது டிஸ்க் போட்டும் அதிர்கிறது என்றால் டிஸ்க்கின் மேல் பழி போடாதீர்கள்: ஹப்பின் முகத்தில் ஒட்டியிருக்கும் துருவைக் கம்பி பிரஷால் சுத்தமாக எடுக்காமல் மாட்டியிருப்பார்கள், அல்லது வீல் நட்டை ஏர் கன்னால் தாறுமாறாக முறுக்கியிருப்பார்கள். பழைய டிஸ்க் ஹப்பில் ஒட்டிக்கொண்டு வரவில்லையென்றால், டிஸ்க்கில் 8 மிமீ மரைத் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றில் இரண்டு போல்ட் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் தானே தள்ளிக்கொண்டு வரும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே மாட்டுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது நிப்பிளில் குழாயை மாட்டி, நிப்பிளைத் திறந்துவிட்டுத் தள்ளுங்கள். கேலிப்பரின் அடியில் சேர்ந்திருக்கும் கறுத்த ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பிப் போகாமல் வெளியே வந்துவிடும். தள்ளி முடித்ததும் மூடுங்கள். பிஸ்டன் சி-கிளாம்ப்புக்கும் அசையவில்லை, அல்லது ரப்பர் பூட் உள்ளே பிஸ்டனின் மேல் துரு தெரிகிறது என்றால், கேலிப்பரை ஓவர்ஹால் செய்யாமல் புதுப் பேடு போடுவது வீண். பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதற்கு ஸ்பிரிங் எதுவும் கிடையாது. உள்ளிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல் முறுக்கித் திரும்புவதால்தான் பேடு டிஸ்க்கை விட்டு விலகுகிறது. துருவேறிய பிஸ்டனில் அந்த மெல்லிய விலகல் நடக்காது, பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

ஹோஸைப் பற்றி ஒன்று. வெளியே வெடிப்பில்லை என்பதால் நல்லது என்று முடிவு செய்ய முடியாது. பழைய ரப்பர் உள்ளுக்குள் உப்பிப் பாதையை அடைக்கும்; மிதிக்கும் பலத்தில் ஆயில் உள்ளே போகும், திரும்பி வராது. பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சூடாகும். அப்படிப் பிடித்த நிலையில் நிப்பிளைத் திறங்கள்: சக்கரம் உடனே விடுபட்டால் பிஸ்டன் நன்றாக இருக்கிறது, அழுத்தம்தான் உள்ளே சிக்கியிருந்தது. மறுபடி பிடிக்க வைத்து, இம்முறை ஹோஸுக்கு மேலே இரும்பு பைப் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அப்போது விடுபடாமல் நிப்பிளில் மட்டும் விடுபட்டால் ஹோஸ் அடைப்பு. இங்கேயே விடுபட்டால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட ஹோஸைச் சோதிக்காமலே மாற்றிவிடலாம். ஸ்டீல் வலை சுற்றிய ஹோஸ் பெடலைக் கொஞ்சம் கெட்டியாக்கும், ஆனால் உங்கள் வண்டிக்கே செய்த, அழுத்தச் சோதனைச் சான்றுள்ள சரக்காக இருக்க வேண்டும். பாஞ்சோ போல்ட்டை சுமார் 23 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

ஏர் எடுப்பது

நிப்பிள்களுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். மறுநாள் திறக்கும் முன் அதன் தலையில் சிறு சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, ஆறு முனை சாக்கெட்டால் திறங்கள். ஓபன் ஸ்பேனர் முனைகளை மழுங்கடித்துவிடும். பின் வீல் சிலிண்டரில் நிப்பிள் ஒடிந்தால் கவலைப்பட்டு நேரத்தை வீணாக்காமல் சிலிண்டரையே மாற்றுங்கள்.

தொடங்கும் முன் ஒரு முறை நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பாருங்கள்: நிப்பிள் எல்லாம் மேல் பக்கமாக இருக்கிறதா? கேலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும், ஏர் மேலே தங்கிவிடும். பாட்டில் பாட்டிலாக ஆயில் ஊற்றியும் பெடல் ஏறாத வண்டிகளில் இது அடிக்கடி காணும் தவறு.

எஞ்சின் ஆஃப். பெடலை ஐந்தாறு முறை மிதித்து பூஸ்டரில் (எஞ்சினின் வெற்றிடத்தால் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பகுதி) இருக்கும் வெற்றிடத்தைக் காலி செய்யுங்கள். டேங்கின் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து, பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். அடியிலுள்ள துளைகள் வெளியே தெரியும் வரை உறிஞ்சக் கூடாது. பிறகு புது ஆயிலை மேல் கோடு வரை நிரப்புங்கள். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து, பெடல் தரை வரை போகாதபடி செய்யுங்கள். இது முக்கியம்: பல வருடம் ஓடிய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருவும் படிவும் இருக்கும், பெடலைத் தரை வரை மிதித்தால் ரப்பர் கப் அங்கே உரசிக் கிழியும். ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று வரும் வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

வரிசை. இந்தக் கார்களில் பிரேக் பைப் இரண்டு தனித்தனிச் சுற்றாக, குறுக்காகப் பிரிந்திருக்கிறது: ஒரு பின் சக்கரமும் எதிர்ப் பக்க முன் சக்கரமும் ஒரு சுற்று. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிகத் தொலைவிலுள்ள பின் சக்கரத்தில் தொடங்கி, அதே சுற்றின் முன் சக்கரத்தை முடித்துவிட்டு, அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும் நம் வண்டிகளில் அது இடது பின், வலது முன், வலது பின், இடது முன் என்று வரும். பின் அச்சில் எடைக்கேற்ப அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு உள்ள வண்டியானால், பின் சக்கரங்கள் தொங்கும் நிலையில் அந்த வால்வு ஆயிலை மறிக்கும். அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து எடையை அதன் மேல் ஏற்றுங்கள்.

உள்ளே ஒருவர் பெடலில், வெளியே ஒருவர் நிப்பிளில். குழாயின் ஒரு நுனி நிப்பிளில், மறு நுனி கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலின் அடியில் மூழ்கியிருக்க வேண்டும். வெளியே இருப்பவர் "மிதி" என்றால் உள்ளே இருப்பவர் மெதுவாக, ஒரே சீராக மிதித்து அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு "மிதிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறப்பார், பெடல் கட்டை வரை இறங்கும், நிப்பிளை மூடுவார், மூடிய பிறகே "விடு" என்பார். அந்தச் சொல் வரும் வரை பெடலிலிருந்து கால் எழக் கூடாது. முன்பே எழுந்தால், எடுத்த ஏரை விட அதிக ஏர் உள்ளே போய்விடும். படபடவென்று பம்ப் அடிக்கவும் வேண்டாம். ஏர் நுரையாக உடைந்து ஆயிலோடு கலந்துவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்தால்தான் மறுபடி சேரும்.

ஐந்து மிதிக்கு ஒரு முறை டேங்கைப் பாருங்கள், பாதிக்குக் கீழே விடாதீர்கள். டேங்க் காலியானால் எல்லாம் முதலிலிருந்து. முதல் சக்கரத்தில் 150 முதல் 200 மிலி வரை வெளியே வந்தால்தான் நீளப் பைப்பிலுள்ள பழைய ஆயில் முழுதும் போகும். மற்றவற்றுக்கு 100 மிலி அளவில் போதும். காபி நிறத்திலிருந்து வெளிர் மஞ்சளுக்கு மாறி, குமிழ் இல்லாமல் தொடர்ந்து மூன்று மிதி வந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது. நிப்பிளை 7 முதல் 9 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் முறுக்குங்கள். அது உள்ளே துளையிட்ட சிறு திருகு, பலம் காட்டினால் ஒடியும். ரப்பர் மூடியைப் போடுங்கள். அடுத்த முறை துருப்பிடிக்காமல் இருக்க அதுதான் காவல்.

உதவிக்கு ஆள் இல்லாமல் வேக்கும் பம்ப் வைத்துச் செய்தால், குமிழ் வந்துகொண்டே இருக்கும், நிற்காது. பெரும்பாலும் அது நிப்பிளின் மரை வழியாக வெளியிலிருந்து வரும் காற்று, பைப்புக்குள் இருப்பதல்ல. மரையைச் சுற்றிக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் நின்றுவிடும். பைப் நட்டு கசிகிறது என்று அதற்கு டேப் சுற்றுவது தவறு. அங்கே கசிவைத் தடுப்பது மரையல்ல, பைப் நுனியின் விரிந்த முகம். அது கெட்டிருந்தால் பைப்பை மாற்ற வேண்டும். எடுத்த பழைய ஆயிலை சாக்கடையிலோ திரும்ப டேங்கிலோ ஊற்றக் கூடாது.

பெடல் என்ன சொல்கிறது

ஸ்பாஞ்சைப் போல் அமுங்கி, இரண்டாவது மூன்றாவது மிதியில் உயர்ந்தால் ஏர் மிச்சம் இருக்கிறது. அமுங்கலே இல்லாமல் கெட்டியாக, ஆனால் தாழ்வாக நின்று, பம்ப் செய்தால் உயர்ந்தால் பின் ஷூ இடைவெளி. உயரமாக நின்றுவிட்டு, காலை அழுத்தியே வைத்திருக்கும்போது மெதுவாக இறங்கினால் எங்காவது கசிவு. வெளியே எங்கும் ஈரமில்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் விட்டுக்கொடுக்கிறது. கல் போல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பூஸ்டரைச் சோதியுங்கள்: எஞ்சின் ஆஃபில் ஐந்து முறை மிதித்து, ஆறாவது மிதியில் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் தானே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்கும் ஹோஸ், அதன் ஒருவழி வால்வு, பூஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள்.

சாலைக்கு எடுக்கும் முன் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழு பலத்தோடு 30 விநாடி மிதித்துப் பிடியுங்கள். அந்த நேரத்தில் இன்னொருவர் ஒவ்வோர் இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார்க்கட்டும். கைக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் தெரியும். வீல் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், டார்க் ரெஞ்ச்சால், மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். முதல் ஓட்டம் வாசலிலேயே, நடை வேகத்தில்.

புதுப் பேடைப் பழக்க, காலியான சாலையில் 50 கிமீ வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, இடையில் அரை கிலோமீட்டர் ஓடவிட்டு, பத்து முறை செய்யுங்கள். முழுதாக நிறுத்திப் பெடலைப் பிடித்து வைக்காதீர்கள். சூடான பேடு நின்ற இடத்தில் டிஸ்க்கில் ஒட்டுப் படிந்து, பிறகு அதிர்வாகத் தெரியும். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக் போடாமல் ஓட்டி ஆற விடுங்கள். முதல் 200 கிமீ வரை மலைப் பயணம் வேண்டாம். 100 கிமீ ஓடியதும் டேங்க் மட்டத்தையும் பாஞ்சோ போல்ட்டுகளையும் பின் சக்கரத்தின் உள்பக்க ஈரத்தையும் ஒரு முறை பாருங்கள். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் டேங்க் அருகில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.